கான் பட்டியலில் பாயல் கபாடியா: படம் யாருடையது?

வாசகர் கேள்வி, 11 ஏப்ரல் 2024

இயக்குநர் பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ வந்ததும், முப்பது வருஷம் கழித்து பிரான்ஸின் கான் திரைப்பட விழாப் போட்டிப் பிரிவில் இந்தியப் படம் என்று எல்லாரும் குதிக்கிறார்கள். பணம் போட்டது பிரெஞ்சுக்காரர்கள். பேசுவது மலையாளமும் இந்தியும். கதை நடப்பது பம்பாயில். இதில் நமக்கு என்ன? தமிழ்ப் படம் எப்போது போகும்?

11 ஏப்ரல் 2024, மாலை

ரம்ஜான் லீவு என்பதால் பட்டியல் அறிவிப்பை நேரலையிலேயே பார்த்தேன். பாரிஸில் காலை 11, இங்கே மத்தியானம் இரண்டரை. எங்கள் பக்கம் நாடாளுமன்றத் தேர்தலோடு விளவங்கோடு இடைத்தேர்தலும் சேர்ந்து வருவதால் பிரச்சார ஜீப்பும் இரட்டிப்பு. விழாவுக்குப் படம் தேர்வு செய்யும் தியரி ஃப்ரெமோ பெயர்களை வாசித்துக்கொண்டே போகிறார், வாசலில் ஒரு ஜீப் நின்று ‘தாய்மார்களே’ என்கிறது. கபாடியா என்ற பெயர் அந்தச் சத்தத்தில் அடிபட்டுப்போனது. பிறகு பின்னால் ஓட்டித்தான் கேட்டேன்.

கேட்டவர் கட்சிதான் நானும். பணம் யாருடையதோ படம் அவர்களுடையது. பிரான்ஸ், நெதர்லாந்து, லக்சம்பர்க் என்று காசு சேர்த்து எடுத்த படத்துக்கு நாம் வெடி போடுவது, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு நம் வாசலில் வாழைமரம் கட்டுவது மாதிரி. தவிர ‘முப்பது வருஷம்’ என்பதும் தப்புக் கணக்கு. 1999இல் முரளி நாயரின் ‘மரண சிம்மாசனம்’ போட்டியில் இருந்து பரிசும் வாங்கியது. ஆக 25. அதற்கெல்லாம் முன்னால் 1946இல் சேத்தன் ஆனந்த் ‘நீச்சா நகர்’ படத்துக்கு முதல் பரிசான பாம் தோரே வாங்கிவிட்டார்.

பட்டியலைப் பார்த்தால் பாதி முதியோர் பென்ஷன் வரிசை. ‘காட்ஃபாதர்’ எடுத்த கொப்போலாவுக்குப் போன ஞாயிறு 85 முடிந்தது. க்ரோனென்பெர்க் 81. ஷ்ரேடர் 77. கொப்போலா தன் திராட்சைத் தோட்டத்தில் ஒரு பங்கை விற்று 12 கோடி டாலர் சொந்தக் காசில் எடுத்திருக்கிறார். அதற்கு ஏதாவது ஒரு பரிசு நிச்சயம், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

11 ஏப்ரல், இரவு

19 பேரில் பெண்கள் நாலு: ஆண்ட்ரியா ஆர்னல்ட், கொராலி ஃபார்ஜா, அகாத் ரியெடங்ஜே, பாயல். கிரேட்டா கெர்விக் என்ற பெண் இயக்குநர் தலைமையில் நடுவர் குழு அமைத்த வருஷத்தில் இது.

12 ஏப்ரல்

அவசரப்பட்டுவிட்டேன். பாம் தோர் என்ற பரிசே 1955இல்தான் வந்தது. 1946இல் முதல் பரிசின் பெயர் கிராண்ட் ப்ரீ. அதுவும் ‘நீச்சா நகர்’ தனியாக வாங்கவில்லை, பதினோரு படங்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். போர் முடிந்து நடந்த முதல் விழா, யாரையும் மனம் நோகடிக்க வேண்டாம் என்று பந்தியில் எல்லா இலைக்கும் ஒரு கரண்டி பாயசம் விட்டிருக்கிறார்கள். இப்போது கிராண்ட் ப்ரீ என்பது இரண்டாம் பரிசு. பெயர் ஒன்று, மதிப்பு வேறு. இந்தக் குழப்பம் இன்னும் பல பத்திரிகைகளைக் கவிழ்க்கும்.

13 ஏப்ரல்

இன்னொரு அடி. ‘மரண சிம்மாசனம்’ போட்டிப் பிரிவில் இல்லை, அன் செர்ட்டன் ரிகார்ட் என்ற இன்னொரு பிரிவில் இருந்தது. அது வாங்கிய கேமரா தோர் முதல் படம் எடுப்பவர்களுக்கு உரியது. எந்தப் பிரிவில் இருந்தாலும் கிடைக்கலாம், இயக்குநர்களின் இருவாரம், விமர்சகர் வாரம் உட்பட. பரிசு வாங்கியதால் போட்டி என்று நான்தான் முடிச்சுப் போட்டுவிட்டேன். ஆக முப்பது வருஷக் கணக்கே சரி. கடைசியாகப் போனது 1994இல் ஷாஜி என். கருணின் ‘ஸ்வம்’.

அது போனது எனக்கு நினைவிருக்கிறது. ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருந்த லீவு. மார்த்தாண்டத்தில் அப்பா டீ குடிக்கும் கடையில் தமிழ்ப் பேப்பரோடு மலையாளப் பேப்பரும் கிடக்கும். நான் பஸ் போர்டு பார்த்து மலையாள எழுத்து கூட்டிப் படிக்கப் பழகிக்கொண்டிருந்த காலம். ‘ஷாஜி’, ‘கான்’ என்று இரண்டு சொல் கூட்டினேன். கான் என்றால் ஏதோ பம்பாய் நடிகர், ஷாஜி அவரை வைத்துப் படம் எடுக்கிறார் என்று அப்பாவிடம் விளக்கினேன். அப்பா தலையாட்டினார். அவருக்கும் தெரியாது.

அந்த வருஷம் ‘ஸ்வம்’ இருந்த அதே பட்டியலில்தான் டாரன்டினோவின் ‘பல்ப் ஃபிக்ஷன்’ இருந்தது, பாம் தோரையும் வாங்கியது. எங்கள் பக்கத்து ஊர்க்காரர் படம் அதோடு மோதியிருக்கிறது என்பது பத்து வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

14 ஏப்ரல்

விஷு. கணி வைத்த வெள்ளரிக்காய் மதியமே சாம்பாருக்குப் போய்விட்டது. கான் பேச்சு இன்று இல்லை.

17 ஏப்ரல்

‘தமிழ்ப் படம் எப்போது’ என்ற பாதிக் கேள்வியை விட்டுவிட்டேன். போயாகிவிட்டது. 2015இல் பாம் தோர் வாங்கிய ‘தீபன்’ முக்கால்வாசி தமிழில் பேசுகிற படம். கதை இலங்கையிலிருந்து பிரான்ஸ் போய்ச் சேரும் மூன்று பேருடையது. நடித்தது ஷோபாசக்தியும் சென்னை நாடக மேடையிலிருந்து போன காளீஸ்வரி ஸ்ரீனிவாசனும். எடுத்தவர் ஜாக் ஓடியார், பிரெஞ்சுக்காரர்.

ஒரு விழாவில் அதைப் பார்த்தது மறக்காது. சுற்றிலும் சப்டைட்டில் படிக்கிற கூட்டம். நான் வசனத்தைக் கேட்டு ஒரு விநாடி முன்னால் சிரிக்கிறேன், அவர்கள் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். பக்கத்து சீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அரங்கில் எனக்கு மட்டும் டிக்கெட் பணம் முழுசாகக் கிடைத்தது போல இருந்தது. வெளியே வந்து எல்லாரிடமும் ‘நம்ம படம்’ என்றுதான் சொன்னேன்.

பணம் யாருடையது அப்போது? பிரெஞ்சுப் பணம். என் 11ஆம் தேதிச் சட்டப்படி ‘தீபன்’ நம்ம படம் இல்லை. ஒன்பது வருஷமாக நம்ம படம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

18 ஏப்ரல்

இரவெல்லாம் இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கப் பார்த்தேன். ‘மொழியை வைத்துப் பார்த்தால்’ என்று ஒரு சட்டம் போட்டுப் பார்த்தேன். அப்படியானால் பாயல் படம் மலையாளப் படம், கொண்டாட வேண்டியது திருவனந்தபுரம், அடுத்தபடியாக மலையாளம் தெரிந்த நான். இந்தச் சட்டம் எனக்குச் சாதகமாக இருப்பதாலேயே சந்தேகமாக இருக்கிறது. நாளைக்கு ஓட்டுப் போட வேண்டும், மை வைத்த விரலோடு யோசிக்கிறேன்.

22 ஏப்ரல்

மூன்று படங்கள் சேர்த்திருக்கிறார்கள். ஹஸனாவிசியஸின் ஓர் அனிமேஷன் படம், ஒரு ருமேனியப் படம், முகமது ரசூலோஃபின் ஈரானியப் படம். மொத்தம் 22. பெண்கள் அதே நாலு. 19க்கு நாலு என்று 11ஆம் தேதி அலுத்துக்கொண்டேன், இப்போது 22க்கு நாலு.

28 ஏப்ரல்

என்னை நானே மாட்டிவிட இன்னொரு படம் வந்துவிட்டது. ஷ்யாம் பெனகலின் ‘மந்தன்’ 1976இல் வந்தது, மீட்டெடுத்த பிரதியை, பழைய படங்களுக்கான கான் கிளாசிக்ஸ் பிரிவில் போடுகிறார்கள். குஜராத் பால் கூட்டுறவு விவசாயிகள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம் அது. பணம் யாருடையதோ படம் அவர்களுடையது என்றால், கானில் சிவப்புக் கம்பளத்தில் ஐந்து லட்சம் பேரும் மாட்டோடு நடக்க வேண்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் என் சட்டம் கிழிந்துவிட்டது.

3 மே

‘எங்கள் ஊர் ஆள் எடுத்த படமும் கானுக்குப் போகிறது, போஸ்டரில் இலைச் சின்னம் இருக்கிறது’ என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார். விழாவுக்குத் தேர்வான படங்கள் போட்டுக்கொள்ளும் முத்திரை அந்த இலை. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

கான் ஊரில் மே மாதம் பல கடைகள் ஒன்றாகத் திறக்கின்றன. நடுவர் குழு பரிசு கொடுக்கும் போட்டிப் பிரிவு ஒன்று. அதே விழா நடத்தும் அன் செர்ட்டன் ரிகார்ட் இன்னொன்று. அதற்குத் தனி நடுவர்கள். இந்த வருஷம் சந்தியா சூரியின் ‘சந்தோஷ்’ அங்கே இருக்கிறது. இயக்குநர்களின் இருவாரம் தனி நிர்வாகம். 1968 மே கலவரத்தில் கோதாரும் த்ரூஃபோவும் விழாவையே நிறுத்த வைத்தார்களே, அதற்கு மறு வருஷம் பிறந்தது. ராதிகா ஆப்தே நடித்த ‘சிஸ்டர் மிட்நைட்’ அங்கே. இதெல்லாம் தேர்வு செய்து அழைப்பது.

இன்னொன்று சந்தை. 1959 முதல் நடக்கிறது. காசு கட்டினால் ஓர் அரங்கை ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு எடுத்துப் படத்தைப் போட்டுக்காட்டலாம். யாரும் தேர்வு செய்வதில்லை. சில வருஷம் முன்னால் ஒரு படத்தின் முன்னோட்டக் காட்சிக்குப் போயிருந்தேன். பேனரில் இரண்டு பக்கமும் இலை, நடுவே ‘கான்’. எந்தப் பிரிவு என்று கேட்டேன். இயக்குநர் என்னைத் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போய், ‘சார், மார்க்கெட்தான், சத்தமா கேக்காதீங்க’ என்றார். பிறகு இடைவேளையில் இரண்டு சமோசா வாங்கிக் கொடுத்தார். ஒன்றுதான் சாப்பிட்டேன்.

4 மே

நேற்று எழுதியது சந்தையை மட்டம் தட்டுவது போல இருக்கிறது. அது இல்லாவிட்டால் போட்டியில் ஜெயித்த படம்கூட நம் ஊருக்கு வராது. விற்பனை நடப்பது அங்கேதான். அந்த இயக்குநர் போஸ்டரில் ‘கான் சந்தை’ என்று முழுசாகப் போட்டிருந்தால் நான் சமோசாவையும் மிச்சம் வைத்திருக்க மாட்டேன்.

13 மே

ரசூலோஃப் ஈரானை விட்டு வெளியேறிவிட்டார். போன வாரம்தான் எட்டு வருஷச் சிறையும் கசையடியும் என்று தீர்ப்பு. பாம் தோர் அவருக்குத்தான், கொப்போலாவுக்கு ஆறுதலாக ஏதாவது. நண்பன் ஒருவனிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன்: தோற்றவர் பரோட்டாவும் பீஃப் ரோஸ்ட்டும் வாங்க வேண்டும்.

24 மே

நேற்று பாயல் படம் திரையிட்டார்கள். எட்டு நிமிஷம் எழுந்து நின்று கை தட்டினார்களாம். இந்தக் கைதட்டல் கணக்கை யார் ஸ்டாப்வாட்ச் வைத்து எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த வேலைக்கு நான் விண்ணப்பிக்கத் தயார். படத்தின் நடிகை கனி குஸ்ருதி கையில் தர்பூசணிக் கீற்று வடிவில் ஒரு பை, பாலஸ்தீனத்துக்காக. கேரளத்தில் இன்று அதுதான் பேச்சு, படம் இரண்டாம்பட்சம்.

26 மே, அதிகாலை

தூக்கம் போனது போனதுதான். கிராண்ட் ப்ரீ பாயலுக்கு.

மேடையில் நடிகைகளையும் கூட்டிக்கொண்டு ஏறினார். கனி, திவ்ய பிரபா, சாயா கதம். அடுத்த இந்தியப் படத்துக்கு இன்னொரு முப்பது வருஷம் காத்திருக்காதீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், நான் ஹாலில் தனியாக எழுந்து நின்றேன். யாரும் நேரம் எடுக்கவில்லை.

பாம் தோர் ஷான் பேக்கரின் ‘அனோரா’வுக்கு. ரசூலோஃபுக்குச் சிறப்பு விருது. கொப்போலாவுக்கு ஒன்றுமில்லை, பழைய நண்பர் ஜார்ஜ் லூகாஸுக்குக் கௌரவ பாம் தோர் கொடுக்க மட்டும் மேடைக்கு வந்தார். பரோட்டா என் கணக்கில்.

27 மே

சொன்னேன் அல்லவா. காலையில் பார்த்த ஒரு செய்தியில் ‘கானின் உயரிய விருது’, இன்னொன்றில் ‘1946க்குப் பிறகு அதே விருது’. இரண்டாம் பரிசு, ஐயா. இரண்டாம் பரிசு போதாதா?

அன் செர்ட்டன் ரிகார்டில் அனசுயா சென்குப்தா சிறந்த நடிகை. படத்தை எடுத்தவர் பல்கேரியர். மாணவர் பிரிவில் முதல் பரிசு புனே திரைப்படக் கல்லூரியின் சிதானந்த நாயக்குக்கு. அதே கல்லூரியில் 2015 போராட்டத்தில் நின்றதற்காக பாயல் மேல் நடவடிக்கை எடுத்ததையும், இப்போது ‘எங்கள் மாணவி’ என்று அதே கல்லூரி பெருமைப்படுவதையும் சேர்த்துப் படித்தால், படம் யாருடையது என்ற கேள்விக்கு இன்னொரு விடை கிடைக்கிறது: ஜெயித்த பிறகு எல்லாருடையதும்.

26 செப்டம்பர்

நாலு மாதம் கழித்து வருகிறேன். ஆஸ்கருக்கு இந்தியா அனுப்புவது ‘லாபதா லேடீஸ்’. பாயல் படத்தைப் பார்த்தபோது இந்தியாவில் நடக்கிற ஓர் ஐரோப்பியப் படம் போலத் தேர்வுக் குழுவுக்குத் தோன்றியதாகத் திரைப்படக் கூட்டமைப்பின் தலைவர் சொல்லியிருக்கிறார். எல்லாரும் அவரைத் திட்டுகிறார்கள். நானும் திட்டலாம் என்று உட்கார்ந்தேன். மேலே 11 ஏப்ரலில் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுபக்கம் பிரான்ஸ் இந்தப் படத்தைக் குறும்பட்டியல் வரை கொண்டுபோய், கடைசியில் ஓடியாரின் புதுப் படத்தை எடுத்துக்கொண்டது. அது ஸ்பானிஷில் பேசுகிறது. ‘சந்தோஷ்’ இந்தியில் பேசுகிறது, அனுப்புவது பிரிட்டன். ரசூலோஃபின் பாரசீகப் படத்தை அனுப்புவது ஜெர்மனி. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கிற வேலை மாதிரி ஆகிவிட்டது. எந்த வீட்டில் இடம் இருக்கிறதோ அங்கே.

1 டிசம்பர்

பாயல் படத்தைப் பார்த்துவிட்டேன். எங்கள் ஊருக்கு வரவில்லை. நேற்று குழித்துறையில் ரயில் ஏறி திருவனந்தபுரம் போனோம், அக்காவும் நானும்.

அக்காவைக் கூட்டிப்போனதற்குக் காரணம், அவள் பதினொரு வருஷம் பம்பாயில் நர்ஸ். செம்பூரில் நாலு பேர் ஓர் அறை. படத்தில் பிரபாவும் அனுவும் நர்ஸுகள், மலையாளிகள், ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இந்த மாச வாடகையில் என் பங்கையும் நீயே கொடுத்துவிடேன் என்று அனு கேட்கும் இடத்தில் அக்கா சத்தமாகச் சிரித்தாள். ‘எல்லா ரூமிலயும் ஒருத்தி உண்டு’ என்றாள். நெடுமங்காடு அசீஸ் ஒரு டாக்டராக வருகிறார், இந்தி வராமல் திணறும் மனிதர். அவருக்கும் சிரித்தாள், ஆனால் மெதுவாக. அனுவின் காதலனாக வரும் ஹிருது ஹாரூனைப் பார்த்ததும் நான் நிமிர்ந்தேன். போன வருஷம் எங்கள் மாவட்டத்தை வைத்து எடுத்த ‘தக்ஸ்’ தமிழ்ப் படத்தின் ஹீரோ! இதைச் சொல்ல அக்கா காதருகே குனிந்தேன், ‘சும்மா இருலே’ என்றாள்.

அப்புறம் அந்தக் குக்கர். பிரபாவின் புருஷன் ஜெர்மனிக்குப் போய் ரொம்ப நாளாகப் பேச்சே இல்லை. ஒருநாள் பார்சல் வருகிறது, யார் அனுப்பியது என்று சீட்டில்லை. உள்ளே சிவப்பு நிறத்தில் ஓர் அரிசி குக்கர். ராத்திரி தரையில் குத்தவைத்து உட்கார்ந்து பிரபா அதைக் கட்டிக்கொள்கிறாள். குழந்தையைக் கட்டிக்கொள்வது போல இல்லை, புருஷனை என்றும் சொல்ல முடியவில்லை. காலுக்கு நடுவில் இழுத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். வசனம் கிடையாது. அத்தான் மஸ்கட்டில் இருந்த ஆறு வருஷத்தில் அக்காவுக்கு மூன்று மிக்ஸி அனுப்பினார். நான் திரும்பி அவளைப் பார்க்கவில்லை.

ரயிலில் பாறசாலை தாண்டும் வரை அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்: ‘ஜெர்மனி பிளக்கு நம்ம ஊரு சாக்கெட்ல ஏறாதுலே. அவ எப்படிச் சோறு வச்சா?’

பணம் யார் போட்டது என்று அவள் கேட்கவே இல்லை.

2 டிசம்பர்

‘படம் எப்படி, அதைச் சொல்லுங்கள்’ என்று கேட்டிருக்கிறார்கள். முதல் பாதி பம்பாய் மழை, அது முழுக்க நிற்கிறது. கதை ரத்னகிரிக்குப் போன பிறகு எனக்குக் கொஞ்சம் பிடி விட்டது. அக்காவுக்கு நேர்மாறு, கடற்கரை வந்த பிறகுதான் மூச்சு வந்தது என்கிறாள். சாயா கதம் இருவருக்கும் பிடித்தது.

22 டிசம்பர்

கேரளத் திரைப்பட விழா முடிந்தது, கடைசி நாளில் பாயலுக்கு விருது கொடுத்தார்கள். நான் மூன்று நாள்தான் போனேன். முன்பதிவு காலை எட்டு மணிக்குத் திறக்கும், எட்டு மூன்றுக்கு நிறைந்துவிடும். இரண்டு படம் படிக்கட்டில் உட்கார்ந்து. முட்டி வலிக்கிறது.

11 ஏப்ரல் 2025

புதுப் பட்டியல் நேற்று வந்தது. போட்டியில் இந்தியப் படம் இல்லை. நீரஜ் கய்வானின் ‘ஹோம்பவுண்ட்’ அன் செர்ட்டன் ரிகார்டில். போன வருஷக் கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, ‘பார்த்தீர்களா, மறுபடி முப்பது வருஷம்’ என்கிறார். ஒரு வருஷம்தான் ஆகிறது, ஐயா.

29 ஏப்ரல் 2025

ஷாஜி என். கருண் நேற்று போய்விட்டார். 73 வயது. இரண்டு வாரம் முன்னால்தான் கேரள அரசின் ஜே.சி. டேனியல் விருது வாங்கினார்.

போன வருஷம் முழுக்க அவர் பெயரை நாங்கள் ஒரு தேதியாகவே பயன்படுத்தினோம். 1994, ஸ்வம், அதிலிருந்து முப்பது. படத்தைப் பற்றி ஒரு வரி யாரும் எழுதவில்லை, நானும் சேர்த்து. ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக் கூட்ட நெரிசலில் மகனைப் பறிகொடுக்கும் ஒரு தாயின் கதை அது. பார்த்தது எப்போதோ, தூர்தர்ஷனில் என்று நினைக்கிறேன், பாதியில் கரண்ட் போனது. மீதியை நான் பார்க்கவே இல்லை என்பது இன்று காலையில்தான் நினைவுக்கு வந்தது.

இன்று அக்காவிடம் சொன்னேன். ‘அந்த முப்பது வருஷத்து ஆளா?’ என்றாள். ஆமாம் என்றேன். படம் கிடைத்தால் சொல், வருகிறேன் என்றாள். தேடிக்கொண்டிருக்கிறேன்.